ப்ராஜெக்ட் டீமில் வேலை அழுத்தம்: ரிஸ்க்கைக் கணிப்பதும் குறைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்ட்வேர் நிறுவனங்களில் டீம் லீடாகவும் ப்ராஜெக்ட் மேனேஜராகவும் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். உடன் வேலை செய்பவரின் உயிரைப் பற்றிய பயத்தோடு வந்திருந்தால் நேராக 13-ஆம் கேள்விக்குப் போங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

1. "வெல்பீயிங் ரிஸ்க்"ங்கிறாங்களே, அப்படின்னா என்ன? டீம்ல யாருக்காவது மனசு சரியில்லாம போறதா?

மனசு சரியில்லாமல் போவது விளைவு. ரிஸ்க் அதற்கு முன்னாலேயே, வேலை அமைந்திருக்கும் விதத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் செய்வது, இரண்டு மேனேஜர்களுக்கு நடுவில் யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியாமல் ஒருவர் நிற்பது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாறி திங்கட்கிழமை காலைக்குக் கேட்கப்படும் தேவைகள், எல்லார் முன்னாலும் திட்டு வாங்கும் ஸ்டேட்டஸ் கால் என்று சொல்லிக்கொண்டே போகலாம். கட்டடத்தில் சாரம் சரிந்து ஒருவர் விழுந்தால், அவர் காலில் பலம் இல்லையா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. சாரத்தைத்தான் பார்க்கிறோம். இங்கேயும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வேலையிடத்து மனநலப் பாதுகாப்புக்காக 2021-ல் வெளிவந்த சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 45003 வழிகாட்டியும் இதே நிலையில்தான் நிற்கிறது. வேலை ஒழுங்கமைக்கப்பட்ட விதம், வேலையிடத்து உறவுகள், சூழலும் கருவிகளும் என்று ஆபத்தின் ஊற்றுகளை மூன்றாகப் பிரித்து, மற்ற பாதுகாப்பு ஆபத்துகளைப் போலவே இவற்றையும் அடையாளம் கண்டு கட்டுப்படுத்தச் சொல்கிறது.

2. வேலைன்னா டென்ஷன் இருக்கத்தானே செய்யும்? எது சாதாரணம், எது ஆபத்து?

ரிலீஸ் அன்று படபடப்பது சாதாரணம். இரண்டு மூன்று நாளில் அது இறங்கிவிட வேண்டும். இறங்குவதற்குள் அடுத்தது ஏறினால், அது மூன்று நான்கு ஸ்ப்ரின்ட்டாக (இரண்டு வாரம் போன்ற குறுகிய வேலைச் சுற்று) தொடர்ந்தால், அங்கே ஆபத்து தொடங்குகிறது. அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, மீள்வதற்கு இடைவெளி கிடைக்கிறதா என்பதே முக்கியம்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11-இல் பர்ன்-அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை. சமாளிக்கப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருகிற, வேலை சார்ந்த ஒரு நிலை என்றே சொல்கிறது. மூன்று அடையாளங்கள்: சக்தியெல்லாம் வடிந்த சோர்வு, வேலைமேல் வெறுப்போ விலகலோ, "நான் செய்வது எதுவும் உருப்படியில்லை" என்ற எண்ணம். இது மனசோடு நிற்பதும் இல்லை. அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம்.

3. இது ஹெச்.ஆர். வேலைதானே? நான் ப்ராஜெக்ட் பார்க்கிறவன், எனக்கு எதுக்கு இது?

எஸ்டிமேட் போடுவது, ஆளைப் பிரிப்பது, க்ளையன்ட்டிடம் தேதி சொல்வது, கால் நேரத்தை ஒப்புக்கொள்வது எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. 1-ஆம் கேள்வியில் சொன்ன ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த நான்கு இடங்களில்தான் பிறக்கின்றன. ஹெச்.ஆரால் கவுன்சலரை ஏற்பாடு செய்ய முடியும்; ஸ்ப்ரின்ட்டிலிருந்து நாலு ஸ்டோரியை, அதாவது வேலைத் துண்டை, எடுக்க முடியாது.

4. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? எங்களுது சின்ன டீம், எட்டே பேர்தான்.

பிரிட்டனின் வேலைப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ. வகுத்த ஆறு தலைப்புகள் போதும்: வேலைப் பளு, தன் வேலைமேல் தனக்குள்ள பிடி, கிடைக்கும் ஆதரவு, உறவுகள், பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, தலைப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொடுங்கள். "போன ஒரு மாதத்தில் உங்கள் நாளைக் கெடுத்தது எது?" என்று கேட்டு, ஆளுக்கு இரண்டு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். முதலில் எல்லாரும் எழுதி முடிக்கட்டும், பேச்சு அதற்குப் பிறகு. பேச ஆரம்பித்துவிட்டால் சீனியர் சொல்வதையே எல்லாரும் எழுதுவார்கள். அப்ரைசல் போடும் மேனேஜர் அந்த அறையில் இருக்கக் கூடாது. வேறு டீமின் லீட் ஒருவர் நடத்தித் தரட்டும்.

அதற்கு முன் நீங்கள் தனியாகப் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எட்டுப் பேர், இரண்டு வார ஸ்ப்ரின்ட், பத்து வேலை நாள். நாளுக்கு எட்டு மணி என்று போட்டால் 640 மணி நேரம். ஆனால் மீட்டிங், ரிவ்யூ, சப்போர்ட் கேள்விகள் போக ஒருவருக்கு ஒரு நாளில் உருப்படியாகக் கிடைப்பது ஆறு மணி என்று வைத்தால் 480தான். 640-க்குத் திட்டம் போட்டிருந்தால் 160 மணி நேரம் இடிக்கும். ஆளுக்கு 20 மணி, அதாவது தினமும் இரண்டு மணி நேரம். யாரும் "ஓவர்டைம் செய்" என்று சொல்லவில்லை; ஆனால் ஓவர்டைம் திட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. டீம் சோர்ந்திருக்கிறது என்று வருபவர்களிடம் முதலில் இந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

5. சர்வே வச்சா எல்லாரும் "நல்லா இருக்கு"ன்னுதான் போடறாங்க. என்ன பண்றது?

எட்டுப் பேர் டீமில் பெயர் கேட்காத சர்வே என்று ஒன்று கிடையாது. பெண், ஐந்து வருட அனுபவம், டெஸ்டிங் என்று மூன்று கட்டம் நிரப்பினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் வேறு இரண்டு மூன்று டீம்களோடு சேர்த்து எடுங்கள். பாலினம், அனுபவம் எதையும் கேட்காதீர்கள். ஹெச்.எஸ்.இ.யின் 35 கேள்விப் படிவம் அந்த ஆறு தலைப்புகளில் கட்டப்பட்டதுதான். பெரிய குழுவுக்கு அது பொருந்தும், சின்ன டீமுக்கு சீட்டே மேல்.

கேள்வியின் வடிவமும் பதிலைக் கெடுக்கும். "மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்றால் ஆமாம் என்றுதான் வரும். "போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இரவு ஒன்பதுக்கு மேல் லாகின் செய்தீர்கள்?" என்றால் எண் வரும். எல்லாவற்றையும்விட, போன சர்வேயில் சொன்னதற்கு என்ன நடந்தது என்பதை ஜனங்கள் மறக்க மாட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்த முறை உண்மை வராது. முடிவுகளை இரண்டு வாரத்துக்குள் டீமிடமே காட்டி, ஒரே ஒரு விஷயத்தையாவது மாற்றுங்கள்.

6. சர்வே இல்லாம வேற எதைப் பார்த்தா தெரியும்?

உங்களிடம் ஏற்கெனவே இருப்பவைதான்: போட்டு ரத்து செய்த விடுப்புகள், எடுக்காமல் காலாவதியாகும் காம்ப்-ஆஃப் (கூடுதல் வேலைக்கு ஈடான விடுப்பு), சிஸ்டம் பழுதைச் சொல்லி இரவு வரும் அலர்ட்களின் எண்ணிக்கை, திரும்பத் திறக்கப்படும் டிக்கெட்கள், டைம்ஷீட்டில் எல்லா நாளும் சரியாக 8.0 என்று இருப்பது. கடைசியாகச் சொன்னது நிம்மதிக்கான அறிகுறி அல்ல. உண்மையான நேரத்தை எழுத இடமில்லை என்பதற்கான அறிகுறி.

இவற்றை டீம் முழுவதற்குமான கூட்டு எண்ணாக மட்டும் பாருங்கள். தனி ஆளின் கீபோர்டையும் சாட் நிலையையும் கண்காணிக்கத் தொடங்கினால் அதுவே புதிய ரிஸ்க் ஆகிவிடும். பச்சை விளக்கு அணையாமல் இருக்க மவுஸை ஆட்டிக்கொண்டிருப்பதில் யாருக்கும் ஓய்வு கிடைக்காது.

7. ரிஸ்க் ரெஜிஸ்டர்ல எப்படி எழுதறது? "டீம் ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு"ன்னு போட்டா போதாதா?

போதாது. ரிஸ்க் ரெஜிஸ்டர் என்பது ப்ராஜெக்ட்டின் ஆபத்துகளைப் பதியும் கோப்பு; அந்த வரியைப் படித்து யாரும் எதுவும் செய்ய முடியாது. காரணம், நடக்கக்கூடியது, விளைவு என மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும்: "பேமென்ட் மாட்யூல் தெரிந்தவர் ஒருவரே என்பதால், நவம்பர் ரிலீஸ் வரை இரவு அலர்ட் எல்லாம் அவருக்கே போகும், தூக்கம் கெட்டு, தவறு கூடி, நீண்ட விடுப்பிலோ ராஜினாமாவிலோ முடியலாம்." இப்படி எழுதியதுமே தீர்வும் கண்ணில் படுகிறது: இன்னொருவருக்கு அந்த மாட்யூலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பக்கத்தில் பொறுப்பாளர் பெயர், முடிக்க வேண்டிய தேதி, "வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் எழுப்பப்பட்டால் உடனே மாற்று ஆள்" என்பது போன்ற எல்லைக்கோடு மூன்றையும் சேருங்கள். ஆனால் ஒருவரின் உடல்நிலையையோ மனநிலையையோ பெயர் சொல்லி எழுதவே கூடாது. அந்தக் கோப்பு க்ளையன்ட் வரை போகும்.

ரிஸ்க் எவ்வளவு பெரியது என்று மதிப்பெண் போடுகையில் அடிக்கடி நடக்கும் பிழை, சராசரி எடுப்பது. ஏழு பேர் சௌக்கியம், ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார். சராசரி "மிதமானது" என்று வரும். மிக அதிகமாக மாட்டியிருப்பவரின் நிலைக்கு மதிப்பெண் போடுங்கள்.

8. யோகா கிளாஸ், பீட்சா, டீம் அவுட்டிங்... இதுல எது வேலை செய்யும்?

ஆபத்தை நீக்குவது முதல் படி, குறைப்பது இரண்டாவது, தாங்கிக்கொள்ள உதவுவது மூன்றாவது. யோகாவும் கவுன்சலிங்கும் மூன்றாம் படி. அவை நல்லவை, தேவையும்கூட. ஆனால் 4-ஆம் கேள்வியில் கண்ட அந்த 160 மணி நேரம் அப்படியே இருக்க, சாயங்காலம் ஆறு மணிக்கு யோகா வைத்தால் வேலை ஏழு மணிக்கு மேல் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சனிக்கிழமை அவுட்டிங் என்பது பலருக்கு இன்னொரு வேலை நாள். வீட்டில் கைக்குழந்தையும் வயதான பெற்றோரும் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

முதல் படி எப்படி இருக்கும்? ஸ்கோப்பை (செய்வதாக ஒப்புக்கொண்ட வேலையின் அளவை) வெட்டுவது, தேதியைத் தள்ளுவது, புதன்கிழமைக்குப் பிறகு அந்த ஸ்ப்ரின்ட்டில் புதுத் தேவை ஏற்பதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுவது, ஒரே அலர்ட் மூன்று முறை வந்தால் அதன் மூலக் காரணத்தைச் சரிசெய்யும் வரை புது ஃபீச்சரை நிறுத்துவது. செலவும் சங்கடமும் இந்தப் படியில்தான் அதிகம். அதனால்தான் எல்லாரும் மூன்றாம் படிக்குத் தாவுகிறார்கள்.

9. எங்க க்ளையன்ட் அமெரிக்கா. ராத்திரி கால் தவிர்க்கவே முடியாது. என்ன செய்யலாம்?

முதலில் காலண்டரைப் பாருங்கள். நியூயார்க்கில் காலை 9.30 என்றால் அங்கே கோடை நேரம் இருக்கும்போது நமக்கு மாலை 7 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் அதே கால் இரவு 8 மணிக்குப் போய்விடுகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படியே. கலிபோர்னியா என்றால் இரவு 10 மணி, 11 ஆகிறது. நான்கு மாதத்துக்கு மேல் டீமின் இரவிலிருந்து ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் போகிறது. அக்டோபரிலேயே, "நவம்பர் முதல் காலை 8.30-க்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று க்ளையன்ட்டைக் கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதுதான் சங்கதி.

அடுத்தது, ஓய்வு இடைவெளி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலை நேர விதி, 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 11 மணி ஓய்வு கேட்கிறது. நமக்கு அது சட்டமில்லை என்றாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கால் இரவு 10.30-க்கு முடிந்தால் மறுநாள் காலை 9.30-க்கு முன் ஸ்டாண்ட்-அப் (தினசரிச் சிறு கூட்டம்) இல்லை. எட்டுப் பேரும் எல்லா காலுக்கும் வர வேண்டியதில்லை. இரண்டு பேர் முறை வைத்துப் போய்க் குறிப்பு எழுதட்டும். இரவில் வீடு திரும்புபவருக்குக் கேப் ஏற்பாடும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

10. ஆன்-கால்ல ராத்திரி முழுக்க முழிச்சிருந்தவர் காலைல ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கலாமா?

கூடாது. ஆன்-கால் என்பது, சிஸ்டம் பழுதானால் இரவிலும் எழுந்து சரிசெய்யும் முறைப் பொறுப்பு. 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல் குறைகின்றன என்று தூக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லையே 0.03 சதவீதம்தான். பைக் எடுக்கக் கூடாத நிலையில் இருப்பவரிடம், வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் டேட்டாபேஸைக் கொடுப்பது எப்படிச் சரி? இரவு வேலை செய்தவருக்கு மறுநாள் காலை தானாகவே விடுப்பு என்று விதி வையுங்கள். அவர் கேட்டு வாங்கும்படி வைத்தால் கேட்க மாட்டார்.

கூகுளில் சேவைகள் நிற்காமல் ஓடுவதைப் பார்க்கும் எஸ்.ஆர்.இ. பிரிவு வெளியிட்ட கணக்கு உதவும்: 12 மணி நேர ஷிஃப்ட்டுக்கு அதிகபட்சம் இரண்டு பழுதுச் சம்பவங்கள், ஒரே ஊரிலிருந்து 24 மணி நேரமும் பார்ப்பதானால் சுழற்சியில் குறைந்தது எட்டுப் பேர். மூன்று பேரை வைத்து ஓட்டும் ஆன்-கால், யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் உடைந்துவிடும்.

11. "கோ-லைவ் வரைக்கும் ரெண்டு வாரம் மட்டும் ஓட்டிடுங்க"ங்கிறாங்க. ஒத்துக்கலாமா?

சிஸ்டம் பயன்பாட்டுக்கு வரும் கோ-லைவ் நாள் வரை என்றால், நான்கு நிபந்தனையோடு ஒத்துக்கொள்ளலாம்: முடியும் தேதி எழுத்தில் இருக்க வேண்டும், வாரத்தில் ஒரு முழு நாளாவது யாருக்கும் வேலை இருக்கக் கூடாது, 9-இல் சொன்ன 11 மணி இடைவெளி குறையக் கூடாது, ஈடுசெய்யும் விடுப்பின் தேதியும் இப்போதே காலண்டரில் ஏற வேண்டும். "முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்ற காம்ப்-ஆஃப் பெரும்பாலும் வருவதில்லை.

மூன்றாம் வாரம் கேட்டால் அது அவசரம் அல்ல, தவறான திட்டம். அந்த வாரத்தில் எழுதப்படும் கோடில் பிழைகள் கூடி, அவற்றைத் திருத்தவே அடுத்த ஸ்ப்ரின்ட் போய்விடும்.

12. ஒருத்தர் மட்டும்தான் சோர்ந்து போயிட்டார், மத்தவங்க நல்லாத்தான் இருக்காங்க. அப்ப பிரச்சினை அவர்கிட்டதானே? அவர்கிட்ட எப்படிப் பேசறது?

ஒரே டீமில் இருந்தாலும் எல்லாரும் ஒரே வேலையில் இல்லை. எல்லாரும் சந்தேகம் கேட்பது யாரிடம், க்ளையன்ட் திட்டுவது யாரை, அமைதியாக இருப்பதால் கூடுதல் வேலை யார் தலையில் கட்டப்படுகிறது என்று முதலில் பாருங்கள். வீட்டுக் காரணமும் இருக்கலாம். அப்போதும் வேலைப் பக்கத்தைச் சரிசெய்யும் பொறுப்பு உங்களுடையதுதான்.

தனியாக, அவசரமில்லாத நேரத்தில், பார்த்ததை மட்டும் சொல்லித் தொடங்குங்கள்: "மூணு வாரமா ராத்திரி பதினோரு மணிக்கு மேல உங்க மெயில் வருது, ரெண்டு தடவை லீவு போட்டுக் கேன்சல் பண்ணியிருக்கீங்க. வேலை எப்படிப் போயிட்டிருக்கு?" பிறகு நிறுத்திக் காத்திருங்கள். "உங்களுக்கு டிப்ரஷனா?" என்று கேட்காதீர்கள், இணையத்தில் கிடைக்கும் மனச்சோர்வுப் படிவத்தை நிரப்பச் சொல்லாதீர்கள். அது மருத்துவரின் கருவி. "எல்லாருக்கும் இப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம் போதும், அவர் இனி வாய் திறக்க மாட்டார். முடிக்கும்போது ஒரு வேலையாவது அவரிடமிருந்து போக வேண்டும், அடுத்து பேசும் நாளும் குறிக்கப்பட வேண்டும்.

13. "இனிமே இருந்து என்ன பிரயோஜனம்"னு ஒருத்தர் சொன்னார். சும்மா சொல்றாரா, நிஜமான்னு தெரியலை. பயமா இருக்கு.

நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பெரும்பாலானவர்களுக்குக் கேட்டதே ஆறுதல். ஆமாம் என்றாலோ, பதிலில் உங்களுக்குத் தயக்கம் இருந்தாலோ, அவரைத் தனியே விடாதீர்கள். அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. உடனடி ஆபத்து தெரிந்தால் 108-ஐ அழைத்தோ நீங்களே கூட்டிக்கொண்டோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். டெட்லைன், மீட்டிங் எதுவும் இதற்கு முன் நிற்காது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அவர் கேட்டால் இந்த ஒன்றில் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்க உயிருக்காக ரெண்டு பேர்கிட்ட சொல்லியே ஆகணும், யார்கிட்டன்னு சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்று சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது.

14. சாதாரணமா ஒன்-ஆன்-ஒன்ல சொன்னதை ஹெச்.ஆர்.கிட்ட சொல்லலாமா?

13-இல் சொன்ன நிலை தவிர, அவர் சம்மதம் இல்லாமல் கூடாது. வேலையை மாற்ற மேலே பேச வேண்டியிருந்தால் தேவையை மட்டும் சொல்லுங்கள்: "அடுத்த ஆறு வாரம் இவருக்கு ஆன்-கால் வேண்டாம்." காரணம் அங்கே தேவையில்லை.

15. பிரச்சினையே மேனேஜர்தான்னா? இல்ல, க்ளையன்ட் ஆளுதான்னா?

தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் என்று அன்றன்றே குறித்து வைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் லேப்டாப்பில் வேண்டாம். பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும்; பாதிக்கப்பட்ட பெண் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தொல்லை தந்தவர் க்ளையன்ட் பக்கத்து ஆள் என்றாலும், வேலையிடத்தில் வந்து பழகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பது நிறுவனத்தின் கடமைதான்.

கூச்சலும் அவமதிப்பும் என்றால், அந்த க்ளையன்ட்டோடு ஜூனியர் யாரும் தனியாக அழைப்பில் இருக்கக் கூடாது என்று அன்றே விதி போடுங்கள். குரல் உயர்ந்தால், "இதை மெயிலில் தொடரலாம்" என்று சொல்லி அழைப்பை முடிக்கும் அதிகாரத்தை லீடுக்கு வெளிப்படையாகவே கொடுங்கள்.

16. எல்லாம் எழுதிக் கொடுத்தும் மேலிடம் "சமாளிங்க"ன்னு சொன்னா?

"டீம் பாவம்" என்று போனால் அனுதாபம் கிடைக்கும், ஆள் கிடைக்காது. 4-இல் போட்ட கணக்கோடும் 6-இல் சொன்ன எண்களோடும் போங்கள். மூன்று வழியும் அவற்றின் விலையும் காட்டுங்கள்: இந்த ஐந்து ஸ்டோரியை எடுத்தால் அதே தேதி, எல்லாம் வேண்டுமென்றால் மூன்று வாரம் கூடுதல், இரண்டும் முடியாது என்றால் இன்னும் இரண்டு பேர். புது ஆட்கள் வந்தால் முதல் ஒரு மாதம் பழையவர்களின் பளு கூடும், குறையாது என்பதையும் மறைக்காதீர்கள்.

மூன்றையும் மறுத்தால், "இந்த ரிஸ்க் தெரிந்தே ஏற்கப்படுகிறது" என்று ரெஜிஸ்டரில் எழுதி, ஏற்பவரின் பெயரையும் மறுபரிசீலனைத் தேதியையும் கேளுங்கள். பெயர் போட வேண்டியிருக்கும்போது பலர் மறுபடி யோசிக்கிறார்கள்.

17. மாத்தினது வேலை செஞ்சுதான்னு எப்ப, எப்படித் தெரியும்?

ஆறு வாரம் கழித்து 4-ஆம் கேள்வியின் அதே சீட்டுப் பயிற்சியை நடத்தி, 6-இன் எண்களைப் பக்கத்தில் வையுங்கள். முதல் மாதத்தில் குறைகள் அதிகமாகத் தெரிந்தால் கலங்காதீர்கள். இதுவரை பேசாதவர்கள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கவலைப்பட வேண்டியது, குறைகள் திடீரென்று பூஜ்யம் ஆகும்போது.

18. ப்ராஜெக்ட் முடியப் போகுது. வேலை குறைஞ்சிடுச்சு, ஆனா டீம் முன்னைவிட மோசமா இருக்கு. ஏன்?

பெஞ்ச் பயம், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்க வேண்டி வருமோ என்ற பயம். அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்குமா, வீட்டுக் கடன் என்ன ஆகும், நோட்டீஸ் வருமா என்று தெரியாமல் இருப்பது வேலைப் பளுவைவிடக் கொடுமையாக இருக்கும். 4-இன் ஆறு தலைப்புகளில் "மாற்றம்" என்பதும் "தன் பிடி" என்பதும் இங்கே சேர்ந்து அடிக்கின்றன. கடைசி எட்டு வாரம் இருக்கும்போதே ஆள் விடுவிக்கும் அட்டவணையை டீமிடம் காட்டுங்கள். ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவர் எந்த வேலைக்குப் போக விரும்புகிறார் என்று கேட்டு, அந்தப் பிரிவின் மேனேஜரிடம் நீங்களே பேசுங்கள். இன்னும் முடிவாகாததை, "முடிவாகவில்லை, வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அன்றும் ஒன்றும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்பதைச் சொல்லவாவது அவரைக் கூப்பிடுங்கள்.